மெயினை மூடுங்க

ஃபைசல், அந்த ஜன்னலைச் சாத்திட்டு வந்து உக்காரு. இது நம்ம தேஜஸோட மாமாவுக்கு நடந்தது. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சுக்கோங்க.

போன ஆகஸ்ட்... நல்ல மழை. சாயங்காலம் ஆறே முக்கால். நம்ம ஊர் ஓரத்துல, பாணேர்ல மலையை ஒட்டி ஒரு ரோடு, ஆள் நடமாட்டமே இல்ல. மாமா பேரு பக்தவத்சலம், எலெக்ட்ரீஷியன். அங்க ஒரு அபார்ட்மென்ட்ல தண்ணி மோட்டார் மாத்தணும். பேஸ்மென்ட்ல பைக்கை நிறுத்தினாரு. அதுக்கு மேல கால் நகரல.

ஆறு மாசம் முன்னாடி அதே பம்ப் ரூம்லதான் அவரோட கூட்டாளி ஜம்பு செத்தான்.

ஜம்பு இதே ஊர்ல, ஏரவாடாவுலயே பொறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். இந்தியில மூடுறதுக்கும் ஆஃப் பண்றதுக்கும் ஒரே வார்த்தைதான்; வெளியில ‘பந்த் கரோ’ன்னு பேசிப் பேசி, அவனுக்கு ஆஃப் பண்றதெல்லாம் ‘மூடு’தான். ஃபேனை மூடு, டிவியை மூடு. மாமா வேலூர்ல தமிழ் மீடியம் ஐடிஐ. அங்க பாடத்துல சுற்றை, அதாவது சர்க்யூட்டை, மூடினா கரண்ட் ஓடும், திறந்தா நிக்கும். அன்னைக்கு மெயின் ஏற்கெனவே ஆஃப்ல இருந்துச்சு. அது ஜம்புவுக்குத் தெரியாது. உள்ளேர்ந்து கத்தினான்... "அண்ணே, மெயினை மூடுங்க."

மாமா லீவரை மேல தள்ளி ஆன் பண்ணிட்டு, "மூடியாச்சுடா"ன்னாரு. அவன் நம்பித் தொட்டான்.

அவனே கவனிக்காம கை வெச்சுட்டான்னு மாமா எல்லார்கிட்டயும் சொன்னாரு. அவன் பொண்டாட்டி அம்முகிட்டயும்.

சரி... உள்ள போனாரு. மெயினை ஆஃப் பண்ணி, ஃபியூஸையும் உருவிட்டாரு. மோட்டார்லேர்ந்து ஒயரைக் கழட்டினாரு. ரெண்டு முனையும் தனித்தனியா தொங்குது. ரெசிஸ்டன்ஸ் அளக்குற மீட்டரை ரெண்டு முனையிலயும் மாட்டினாரு. நடுவுல வெறும் காத்து, ஒண்ணும் காட்டக் கூடாது.

காட்டுச்சு. ஒரு லட்சம் ஓம்.

இல்ல ஸ்நேஹா, அவர் கை படல. கிளிப் மாட்டிட்டுத் தள்ளித்தான் நின்னாரு. காய்ஞ்ச மனுஷக் கைன்னா அந்த அளவு ரெசிஸ்டன்ஸ் இருக்கும், அது அவருக்குத் தெரியும். நம்பர் இறங்குது... எம்பதாயிரம்... இருபதாயிரம்... ஆயிரம். ஆயிரம்னா நனைஞ்ச கை. ரெசிஸ்டன்ஸ் குறையக் குறைய கரண்ட் அதிகமாப் பாயும், ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. சொட்... சொட்... எங்கயோ தண்ணி. முடி கருகின நாத்தம்.

காதுக்கிட்ட... "அண்ணே, மூடியாச்சா?"

மாமா மீட்டரைக்கூட எடுக்கல. நேரா ஏரவாடா, அம்மு வீடு. வாசல்லயே நின்னு எல்லாத்தையும் சொன்னாரு. ஜம்பு மேல தப்பே இல்லம்மா, அவனைக் கொன்னது நான்தான்னு அழுதாரு. பாவம், ஆறு மாசம் அதை உள்ளயே வெச்சுக்கிட்டு இருந்த மனுஷன்.

அம்மு அழல. அப்புறம் இருட்டா இருந்த உள் ரூம் பக்கம் திரும்பி, மெதுவா, "அவரு ஒத்துக்கிட்டாருங்க"ன்னா.

உள்ளேர்ந்து, பம்ப் ரூம்ல கேட்ட அதே குரல்... "ம்."