முட்டை அட்டையில் பன்னிரண்டு பேர்

— முப்பதும் முடிச்சாச்சுன்னு சொல்றேன், நீ என்னடா யுவராசு…

— எங்கீங்ணா முடிச்சீங்க? பன்னெண்டு பேரு வெறுஞ் சாம்பக் கலர்ல நிக்கிறாங்க! ஒரு பொட்டுப் பெயிண்டு…

— நாஞ் சொல்றதக் கேளு மொதல்ல…

— நீங்க பாருங்க மொதல்ல! நாளைக்குச் சேலத்துல பொம்மைப் பட்டாளத்த வெச்சுச் சண்டை போடற போட்டிங்ணா. பெயிண்டு அடிக்காத பொம்மையப் பலகை மேல வெக்கவே வுட மாட்டாங்க. பதினெட்டுப் பேர வெச்சுட்டு அந்த ஓமலூர்க்காரன்கூட நான் எப்பிடிச் சண்டை போடறது?

— ஏன் சாமி இந்தக் கத்து கத்தறே? வெரலத்தண்டி பொம்மைக்கு பஸ் ஸ்டேண்டு வரைக்கும் கேக்குது.

— கோகிலாக்கா, நீங்களே வந்து சொல்லுங்க. இந்த முட்டை அட்டையில குழிக்கு ஒண்ணா முப்பது பேர நட்டுக் குடுத்தேனா இல்லியா?

— குடுத்தே. பெயிண்டு தீந்து போயிருக்கும், வுடு.

— தீரலக்கா. இதா, மூடி தொறந்தே கெடக்குது.

— அவ கெடக்கறா, நீ இவனுகளப் பாருடா. செவ்வாய்க் கெரகத்துப் பட்டாளம்! கவசம் கிளிப்பச்சை, தோளு ஆரஞ்சு, துப்பாக்கிக்கு ரோஸு. மூஞ்சிக் கண்ணாடிக்கு எலுமிச்சை மஞ்சள் மூணு கோட்டு, மூணே முடி வெச்ச பிரஷ்ல. மூச்சப் புடிச்சுட்டு அடிச்சேன். நாம ஓட்டற பஸ்ஸு கலருடா எல்லாம். கொறை சொல்லிருவியா நீ?

— கொறையே இல்லீங்ணா. சண்டைக்குப் போறவனுகளா, மாப்ள அழைப்புக்குப் போறவனுகளான்னு தெரியல, அப்பிடி ஜம்முனு நிக்கிறாங்க. அந்தப் பதினெட்டுப் பேரும். மீதி?

— மீதி ஏது? நீ குடுத்ததே பதினெட்டு.

— இப்பத்தான முப்பதும் முடிச்சேன்னீங்க?

— அட்டை ரொம்பி இருந்துச்சு, முப்பதுன்னு நெனச்சேன். இப்ப எண்ணுனாப் பதினெட்டுத்தான் இருக்குது.

— அண்ணா, வெளையாடறீங்களா?

— ஆரு வெளையாடறது? மூணு வரிசை, வரிசைக்கு ஆறு. அதுக்கு அந்தாண்ட மேசைதான் இருக்குது.

— …கையைக் குடுங்கண்ணா. இப்பிடி இடது பக்கம் கொண்டாங்க. இன்னும் கொஞ்சம். இது என்னுங்ணா?

— அட! இதெங்கிருந்துடா வந்துச்சு?

— எங்கிருந்தும் வரலீங்ணா. இங்கியேதான் இருந்துச்சு. ரெண்டு வரிசை. அட்டையை நான் தொடவே இல்ல.

— நாந்தான் நேத்து கூட்டறப்பத் தள்ளி வெச்சேன். அதுல எதோ மாறிப் போச்சு. யுவராசு, போதும், நாலரை வண்டிக்கு நேரமாச்சு பாரு. ரெண்டு பேரும் கெளம்புங்க.

— இருங்கக்கா. அண்ணா, நேரா அந்தக் காலண்டரைப் பாருங்க. தலையத் திருப்பாதீங்க. இடது பக்கம் நான் எத்தனை வெரலு காட்டறேன்?

— நீ எங்கடா நிக்கிறே?

— உங்க பக்கத்துலதாங்ணா.

— …இப்பத் திரும்புனாத் தெரியறியே. கண்ணு நல்லாத்தான்டா இருக்குது. போன வருசம் லைசென்சு புதுப்பிக்கறப்பக் கடைசி வரி வரைக்கும் படிச்சுக் காட்டுனேன்.

— நேராப் பாத்தாத் தெரியுதுங்ணா. ஓரம் போயிருச்சு. போனதே உங்களுக்குத் தெரியல. எங்க அம்மாவப் பெத்த அப்புச்சிக்கு லேசாப் பக்கவாதம் அடிச்சப்ப இதே கதைதான். மொகத்துல ஒரு பக்கம் மட்டும் செரைச்சுட்டு, முடிஞ்சுதுன்னு எந்திரிச்சுப் போயிருவாரு. சத்தியமா நாங்க சிரிச்சோம் அப்ப.

— அதெல்லாம் ஒண்ணுமில்ல. அறையில வெளிச்சம் பத்தல. இருவத்தாறு வருசமா இந்த மலை ரோட்டுல பஸ்ஸு ஓட்டறவருக்கு நீ கண்ணு டெஸ்ட்டு வெக்கறியா?

— அக்கா, நம்ம வண்டி இடது பக்கம் பூராக் கீறலு. பங்குனிக்குள்ள ரெண்டு வாட்டி இடது கண்ணாடி மாத்துனோம். ரோடு குறுகலுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன் நான்… அண்ணா. சித்திரை மாசம். முப்பத்தி நாலாவது வளைவு.

— அத எதுக்குடா இப்ப இழுக்கறே?

— நம்ம வண்டியில அடிபட்டுச் செத்த செங்கோடன் எந்தப் பக்கம் நின்னாரு? சொல்லுங்கண்ணா.

— குடிச்சுட்டு வந்து சக்கரத்துல உழுந்தான்னு நீதானடா போலீசுல எழுதிக் குடுத்தே!

— நாந்தான் குடுத்தேன். வண்டிய நிறுத்திட்டு, "எங்கிருந்துடா வந்தான், ரோடு காலியா இருந்துச்சே"ன்னு என்னையத்தான் கேட்டீங்க. நீங்க பொய் சொல்ற ஆளில்ல. ரோடு காலியா இருந்துச்சுன்னா அவருதான வந்து உழுந்திருக்கோணும்? குடிச்சிருந்தாருங்கறத நானாச் சேத்துக்கிட்டேன்.

— அவன் மொளகு மூட்டையக் கீழ எறக்கி வெச்சுட்டு…

— வண்டிக்குக் கை காட்டிட்டு நின்னிருக்காருங்ணா. ஓரமா. நான் பின்னாடி டிக்கெட்டுப் போட்டுட்டு இருந்தேன். படியில நின்னிருந்தா விசிலு ஊதியிருப்பேன்.

— "எம்புருசன் சாராயத்தத் தொட்டதே இல்ல"ன்னு டேசன் வாசல்ல குப்பாயி மண்ண வாரித் தூத்துனாளேடா. அத வண்டிக்குள்ள உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். இவளுக்கு வாய் சாஸ்தின்னு நெனச்சேன்டா நான்.

— அண்ணா, உக்காருங்க.

— சாவியப் புடி. நாலரை வண்டி எடுக்க மாட்டேன். குப்பாயி ஊட்டுக்குப் போறேன். அங்கிருந்து டேசனுக்கு.

— அவசரப்படாதீங்க. பொய்ச் சாட்சி எழுதுனவன் நான். என்னையும் உள்ள வெப்பாங்க.

— வெக்கட்டும்.

— என்னங்ணா இப்பிடிச் சொல்றீங்க? எனக்கு ஊட்டுல…

— அவளுக்கு ஊட்டுல ஆருடா இருக்கறாங்க?

— ஏனுங்க, நீங்க உள்ள வந்து படுங்க. வேற டிரைவர வரச் சொல்லிக்கலாம். வயித்து வலின்னு சொல்லிரு யுவராசு. நாளைக்கு மெதுவா ஆசுபத்திரிக்குப் போலாம். ஸ்டேரிங்கும் போயி, டேசனும் பாத்தீங்கன்னா அப்பறம் நீங்க மனுசனா இருப்பீங்களா? செத்தவன் திரும்பி வரப் போறதில்லீங்க.

— வண்டியில அறுவது பேரு ஏறி உக்காந்திருக்கறான் கோகிலா. எழுபது வளைவு. சித்திரைக்கு அப்பறமும் தெனம் ரெண்டு நடை எறக்கியிருக்கறேன். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள, மாசமா இருந்தவள, ஆரெல்லாமோ…

— வேணும்னா செஞ்சீங்க? உங்களுக்குத் தெரியாதுங்க. தெரியாமச் செஞ்சதுக்கு எதுக்குங்க போயித் தலைய நீட்டறீங்க?

— ஆமா, தெரியாது. அதத்தான் அவ கால்ல உழுந்து சொல்லப் போறேன். உம்புருசன் குடிக்கல, ஓரமாத்தான் நின்னான், எனக்குத்தான் தெரியலன்னு. எனக்குந் தெரியல, இந்தப் பயலுக்குந் தெரியல, எங்கூட்டுக்காரிக்குந் தெரியலன்னு. எங்க மூணு பேர்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தாலும் அன்னைக்கு நான் ஸ்டேரிங்கத் தொட்டிருக்க மாட்டேன் தாயின்னு. நீயும் வா. பொம்பள நீ சொன்னா நம்புவா. என்ன, அப்பிடியே நின்னுட்டே? வா, வந்து உன் வாயால சொல்லு.

— அதுக்கும் முந்தி, மாசி மாசத்துலிருந்தே உங்க தட்டுல சோறு, கொழம்பு, பொரியலு எல்லாத்தையும் வலது பக்கமாவே வெச்சுப் போடறேனுங்க. இடது பக்கம் வெச்சத நீங்க தொடறதே இல்லீங்க.