மூன்று முறைக்குப் பின்

மேடையில் இருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, மருத்துவமனைகளிலிருந்து வந்திருக்கும் செவிலியர்களே, என் மாப்பிள்ளையோடு ஒரே அறையில் உழைத்த பிள்ளைகளே! ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுதி வந்ததைப் படிக்கிறேன், தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அவரை ‘விடாக்கண்டன்’ என்றீர்கள். நான் என்னவென்று அழைத்தேன்? ‘பொட்டி தட்டுறவர்’! பன்னிரண்டு வருடம் அப்படித்தான்.

இதோ முன்வரிசையில் இருக்கிறாளே என் பேத்தி, கணக்கில் வகுப்பிலேயே முதலிடம், அவள் பிறந்த அன்று பிரசவ அறை வாசலில் மாப்பிள்ளைக்கு ஒரு போன். ரத்த வங்கியின் சர்வர் கம்ப்யூட்டர் பதில் தரவில்லையாம். எல்லா மருத்துவமனையும் ரத்தம் கேட்டுக் காத்திருக்கிறதாம். “ஒரு மணி நேரத்துல வந்துடறேன் அத்தை” என்று ஓடியவர் மாலையில்தான் வந்தார். அத்தனை பேர் முன்னால் கேட்டேன்: “வாங்க, வாங்க! பொண்டாட்டியைவிடப் பொட்டி பெருசாப் போச்சா?”

கோபப்பட்டாரா? இல்லையே! குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்:

“அத்தை, சர்வரும் ஒரு கதவு மாதிரிதான். கதவு திறக்கலைன்னு எல்லாரும் விடாமத் தட்டினா, உள்ள இருக்கிறவன் எப்படி எழுந்து வருவான்? ஒரு நொடி விட்டுத் தட்டணும், அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலு. திறந்த கதவை உடனே சாத்தாம வச்சிருந்தா, அடுத்த கேள்வியும் அது வழியாவே போயிடும். எங்க புரோகிராமை அப்படி மாத்திட்டு வந்தேன்.”

“மூணு தடவையும் திறக்கலைன்னா?”

“சர்வர் கிடைக்கலைன்னு திரையில பளிச்சுனு சொல்லிடணும். அப்பதான் நர்ஸம்மா போனை எடுத்து ரத்த வங்கியையே கேப்பாங்க. மறைச்சா, இப்ப வந்துடும் இப்ப வந்துடும்னு நம்பி உக்காந்திருப்பாங்க.”

“ரொம்பப் பெரிய வேலைதான், போங்க!” என்று உதட்டைச் சுழித்தேன்.

வீடு திரும்பும் முன்பே என் வாய் என்னைச் சுட்டது. தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லிவிட மறுநாள் காலையில் அவர் எதிரே போய் நின்றேன். குழந்தை முதல் அடி வைத்த அன்று நின்றேன். போன வருடம் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து அவர் கண் விழித்தபோதும் நின்றேன். மூன்று முறையும் வாயில் என்ன வந்தது? “சாப்பிட்டீங்களா?” அவரும் சிரிப்பார். ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட, “இன்னும் தரல அத்தை” என்றார்.

எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்துவிட்டேன். போய்விட்டாரே!

பிள்ளைகளே, அவர் அமைத்து வைத்ததைக் கண்போல் காப்பாற்றுங்கள். அதற்காக வீட்டுக்குப் போக நேரமாகி யாருக்காவது திட்டு விழுந்தால், என்னைக் கூப்பிடுங்கள். உங்கள் மாமியாரிடம் நானே வந்து பேசுகிறேன். இது நான் தரும் வாக்கு.

மாப்பிள்ளை, மூன்று முறை முயன்றேன்; முடியவில்லை. முடியாததை மறைக்கக் கூடாது என்றவர் நீங்கள். அதனால் இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்: நீங்கள் செய்தது பெரிய வேலைதான். நான் பேசியது தப்பு.