பழைய விலாசத்துக்கு வந்த ஆம்புலன்ஸ்

...அதுக்காகக் கதவையா ஒடைப்பாங்க? உசுரக் காப்பாத்த வந்தவங்களா, பழைய இரும்பு எடுக்க வந்தவங்களா? பெல் அடிச்சாங்களாம், யாரும் தெறக்கலையாம், ஆள் உள்ள மயங்கிக் கெடக்குன்னு விட்டாங்களாம் ஒரு ஒதை! பாவம், நீ தலையெல்லாம் ஷாம்பு நொரையோட ஓடி வந்து நின்னியாமே... சிரிக்காதம்மா, எனக்கும் சிரிப்பு வருது. மயங்கி விழுந்தது எங்க வீட்டுக்காரரு. விழுந்ததோ ஊருக்கு அந்தக் கோடியில, எங்க புது வீட்டுல. வண்டி வந்ததோ நாங்க காலி பண்ணிட்டுப் போன இந்த வீட்டுக்கு!

தள்ளிக்கோ, கொஞ்சம் தள்ளிக்கோ. இந்த ஸ்டூல் ஆடுதே... ம், நின்னுடுச்சு. திரைச்சீலைதான், புதுக் கதவு வர்ற வரைக்கும் தொங்கட்டும். அளவு எடுக்காமலே தைச்சுட்டாளேன்னு பாக்கறியா? பதினோரு வருஷம் இந்த வாசல்ல நொழைஞ்சு பொறப்பட்டவ நான். கண்ண மூடிக்கிட்டு வெட்டுவேன்... என்ன? நீளமா? தரையக் கூட்டுமா? அட, மடிச்சுத் தைச்சாப் போச்சு, ஊசி நூல் கையோட இருக்கு.

எல்லாம் இந்த இன்டர்நெட் போனால வந்த வினைம்மா. ஒரு சின்னப் பொட்டி. அதை இங்கேர்ந்து புடுங்கினேன், அங்க கொண்டுபோய்ச் சொருகினேன், அதே நம்பரு! பேண்ட்டுக்கு ஜிப்பு போடணும், தொளதொளன்னு இருக்கற சட்டையப் பிடிச்சுத் தைக்கணும்னு வாடிக்கையெல்லாம் அதுக்குத்தான் கூப்பிடுவாங்க. நம்பர் போச்சுன்னா என் பொழப்பே போச்சு. கம்பெனிக்காரன் சும்மா இருந்தானா? "வீடு மாறினா விலாசத்த மாத்துங்க, அவசரத்துக்குக் கூப்பிட்டா நீங்க பதிஞ்ச விலாசத்துக்குத்தான் வண்டி வரும்"னு செய்தி மேல செய்தி. எனக்கு என்ன பயம்னா... விலாசத்த மாத்தப்போய் நம்பரையும் சேர்த்து மாத்திட்டான்னா? கீழ "பிறகு"ன்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கிட்டேன். மறுபடி கேட்டான், மறுபடி அமுக்கினேன். நீயே சொல்லு, அப்படி ஒரு பட்டன வச்சவன் தப்புதானே அது?

செல்போனா? நல்லாக் கேட்டே போ! அது சார்ஜ் இல்லாமச் செத்துக் கெடந்துச்சு.

இவரு என் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடறேன்னு குனிஞ்சாரு. குனிஞ்ச மனுஷன் அப்படியே சாஞ்சுட்டாரு. ஆயுசு பூரா லிப்டுல மாட்டினவங்கள எறக்கி விட்ட மெக்கானிக்கும்மா அவரு! எந்த நேரம் கூப்பிட்டாலும் போய் நிப்பாரு. அவருக்குன்னு ஒரு ஆபத்து வந்தப்ப, ஆம்புலன்சுக்கு அடிச்சேன், போன் எடுத்த பொண்ணு ஏதோ தெருப் பேரச் சொல்லுது... நான் எங்க கேட்டேன்? "ஆமா ஆமா, சீக்கிரம் வரச் சொல்லுங்க, மூச்சு ஒரு மாதிரி இழுக்குது, சக்கரை இருக்கு, வேண்டாம்னா கேக்காம இனிப்பு திம்பாரு, அவங்கம்மா வளர்த்த வளர்ப்பு"... எல்லாத்தையும் சொன்னேன். விலாசத்தத் தவிர.

மறுநாள் அந்த ஆம்புலன்ஸ் ஆபீஸ்லேர்ந்து செல்லுக்குக் கூப்பிட்டாங்க. ஏன் தப்பான எடத்துக்கு அனுப்பினீங்கன்னு நான் சண்டைக்கு நின்னேன். பேசினதையெல்லாம் பதிஞ்சு வச்சிருக்காங்கம்மா! போட்டுக் காமிச்சாங்க. அந்தப் பொண்ணு பாவம், "இந்த விலாசம்தானேம்மா, சரியாச் சொல்லுங்க"ன்னு திரும்பத் திரும்பக் கேக்குது. அது வாயத் தெறக்கும்போதெல்லாம் நான்தான். என் குரல்தான்! பக்கத்துல நின்ன எங்க நாத்தனார் சொல்றா, "தவளை தன் வாயால கெடும்"னு. ஆஸ்பத்திரி வராண்டாவுல, நாலு பேர் முன்னாடி! அவளுக்குப் பொடவைக்கு ஓரம் அடிச்சுக் குடுத்த கையிது... சரி விடு, அவ கதைய ஆரம்பிச்சா பொழுது போயிடும்.

கண்ணு முழிச்சதும் இவரு கேட்ட மொதக் கேள்வி என்ன தெரியுமா? "போன்ல அந்தப் பக்கம் இருந்தவங்களைக் கொஞ்சமாவது பேச விட்டியா?"ங்கறாரு. மூக்குல ட்யூப்போட!

பொழைச்சுக்கிட்டாரும்மா. டாக்டர் சொல்லிட்டாரு, இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. அவரு தலைய மடியில வச்சுக்கிட்டு வண்டிச் சத்தம் வருதா, வருதான்னு காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன் பாரு... அந்தப் பயம் எதிரிக்கும் வேண்டாம். ஆம்புலன்ஸ்காரங்க என் பேரச் சொன்னதும் நீ ஒடைஞ்ச கதவப் பாக்கல, யாரு என்னன்னு சண்டை போடல. தைக்கக் குடுத்த துணியக் கேட்டு இங்க வந்து உன் உசுர வாங்கினாங்களே என் வாடிக்கைக்காரங்க, அவங்களுக்கு வழி சொல்லிச் சொல்லிப் பழகின வாயால எங்க விலாசத்தச் சொல்லிட்டே. வண்டிக்காரங்க அத வயர்லெஸ்ல சொல்ல, எங்க பக்கத்துலயே நின்ன இன்னொரு வண்டி பறந்து வந்துச்சு.

இதோ, முடிச்சுப் போட்டாச்சு. நூலக் கடிச்சுடறேன்... ம். இப்பப் பாரு, தரையத் தொடுதா?

வந்த விஷயத்தச் சொல்லவே இல்ல பாரு. நேத்து அந்தக் கம்பெனிச் செய்தியத் தெறந்து விலாசத்த மாத்தலாம்னு உக்காந்தேன். வெக்கக்கேடு... எங்க பிளாக் மூணா நாலா, வாசல் கேட்டு கெழக்கா மேற்கா, சத்தியமா எனக்குத் தெரியல. கால் தானாப் போய்ச் சேர்ந்துடும், அவ்வளவுதான். அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டு, நான் வாய மூடிக் கேட்டிருந்தாலும், சொல்லியிருக்க மாட்டேம்மா. சொல்லத் தெரிஞ்சிருக்காது. இவரக் கேட்டாச் சொல்லுவாரு. கரண்ட் பில்லப் பாத்தும் எழுதலாம். ஆனா என்னவோ, கை வரல. நீ அவங்ககிட்ட எப்படிச் சொன்னியோ, அதையே ஒரு எழுத்து மாறாம எழுதணும். நீ சொன்ன அந்த விலாசத்துக்குத்தான் வண்டி வந்து சேர்ந்துச்சு.

சொல்லும்மா. மெதுவாச் சொல்லு. நான் குறுக்கே பேசல.