மூன்றாவது இழுப்பு

மாலை ஏழு மணி ஐந்து நிமிடம். ஹுலேகோடு ஊரிலிருந்து மலையேறும் மண்பாதை. இருபுறமும் காடு. மரத்துக்கு மரம் தொங்கிச் செல்லும் ஒரே ஒரு கறுப்புக் கம்பி… பாதை முடியும் இடத்தில் ஒரே ஒரு வீடு.

நாம் கூடி உட்கார்ந்து பாக்கு உரிக்கும் நேரத்தில் இதைச் சொல்லலாமா என்று எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அனைவரும் கத்தியில் கவனம் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லும் விதத்தில் குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது என் தோழி நாகவேணியின் அத்தை மகன் ஸ்ரீபாத ஹெக்டேவுக்கு நேர்ந்தது.

அந்த ஒற்றை வீடு அவருடையது. பெங்களூர் நிறுவனமொன்றில் வேலை. பக்கவாதத்தில் படுத்துவிட்ட தந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லை என்பதால், வீட்டிலிருந்தே பணிபுரிய அனுமதி பெற்றிருந்தார். தினமும் ஏழு மணிக்கு வெளிநாட்டவருடன் கூட்டம். இந்த மழைக்காலம் தொடங்கியது முதல், சரியாக ஏழு ஐந்துக்கு வைஃபை நின்றுவிடும். ஒன்பது நிமிடம். பிறகு தானாகவே வந்துவிடும்.

ரௌட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். புதியது வாங்கினார். இடம் மாற்றினார். நேரம் வந்ததும் அதே சிவப்பு விளக்கு… மினுக், மினுக். மேலாளர் மரியாதையாகவே சொல்லிவிட்டார்: இன்னொரு முறை நின்றால், பெங்களூருக்கே வந்துவிட வேண்டும். தந்தையை யாரிடம் விட்டுப் போவது?

கேபிள்காரன் தினேஷ் வந்து சோதித்தான்.

"கம்பியில ஒரு குத்தமும் இல்ல, ஹெக்டேரே. உங்க வைஃபை சந்தியாவந்தனம் பண்ணப் போயிடுதோ என்னமோ!"

"சிரிக்காதே மாராயா. எனக்கு வேலை போயிடும்."

"அப்போ ஏழு அஞ்சுக்கு நீங்களே கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நடந்து பாருங்க. நான் வர மாட்டேன். வசந்தண்ணன் விழுந்த மரத்தைத் தாண்டணும்…"

வசந்த நாயக்கைச் சிலர் அறிந்திருப்பீர்கள். தினேஷுக்கு முன்பிருந்த கேபிள்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை. சென்ற ஆண்டு மழையில், கம்பி கட்டும்போது மரத்திலிருந்து விழுந்து இறந்தவர். காட்டுக்குள் கம்பி கட்டும்போது இரு முனையில் இருப்பவர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. மழைச் சத்தத்தில் குரலும் எட்டாது. ஆகவே கம்பியை இழுத்துத்தான் பேசிக்கொள்வார்கள். ஒரு இழுப்பு: இறுக்கிப் பிடி. இரண்டு: தளர்த்து. மூன்று: நான் இறங்கிவிட்டேன். மேலே இருப்பவர் கம்பியில் உடம்பைச் சாய்த்துத்தான் முடிச்சுப் போடுவார். மூன்று வரும்வரை கீழே இருப்பவர் பிடியை விடவே கூடாது.

வசந்தர் விழுந்த அன்று, வீட்டுப் பக்கத்து முனையைப் பிடித்திருந்தவர் ஸ்ரீபாதர். காற்று கம்பியைப் பிடுங்கிக்கொண்டது என்று எல்லாரிடமும் சொன்னார். வசந்தரின் மனைவியிடமும்.

"அக்கா, போதும். நான் தனியா வீட்டுக்குப் போகணும்" என்கிறாள் எதிரே பாக்கு உரிக்கும் நம் காவேரி. கொஞ்சம்தான் இருக்கிறது அம்மா.

தினேஷ் சொன்னபடி மறுநாள், கூட்டத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஸ்ரீபாதர் நடந்தார். ஒரு கையில் டார்ச். மறு கை கம்பியில். மழை விட்டிருந்தது, இலைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. ஏழு ஐந்து. சில்வண்டுகள் சட்டென்று நின்றன. சுண்ணாம்பும் புகையிலையுமாக, அப்போதுதான் மென்ற வெற்றிலையின் வாசனை…

கம்பி அசைந்தது.

ஒரு இழுப்பு.

இறுக்கிப் பிடி.

டார்ச் கீழே விழுந்து அணைந்தது. இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். தலைக்கு மேலே ஈரமான பட்டையில் வெறுங்கால் தேயும் சத்தம்… சர்ர்… சர்ர்… பிடித்த பிடியில் அவர் நிற்கையில், சட்டைப்பையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. வீட்டு வைஃபை திரும்பிவிட்டது என்று ஒரு செய்தி.

அன்று முதல் வைஃபை நின்றதே இல்லை. கம்பி வீட்டுக்குள் நுழையும் சன்னலருகே மேசையைப் போட்டுக்கொண்டார். ஏழு மணிக் கூட்டத்தில் அவருடைய ஒரு கை மட்டும்தான் திரையில் தெரியும்; மறு கை கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும்.

நாகவேணி ஏனென்று கேட்டபோது அழுதுவிட்டாராம்.

"வசந்தண்ணன் விழுந்த அன்னிக்குக் காத்தே அடிக்கல, நாகவேணி. ஃபோன்ல கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்க. ஏழு அஞ்சு. நான்தான் கம்பியை விட்டுட்டு உள்ள போனேன். ஒன்பது நிமிஷம்."

சென்ற வியாழக்கிழமை, கம்பி பிடித்த கையில் ஓர் இழுப்பு வந்தது. சற்று நேரம் கழித்து இரண்டாவது. அவர் பிடியை விடாமல் காத்திருந்தார்.

மூன்றாவது.

அப்பாடா, ஓராண்டுக்குப் பிறகு வசந்தர் இறங்கிவிட்டார்! ஸ்ரீபாதர் கையைத் தளர்த்தினார். ரௌட்டரின் பச்சை விளக்கு அப்படியே எரிந்தது. கூட்டம் இனிதே முடிந்தது.

மண்பாதையில் சளக்… சளக்… என்று யாரோ மெல்ல நடந்து வரும் சத்தம். வாசலில் வந்து நின்றது.

வாசலைப் பார்க்கவே முடியாத பின்னறையிலிருந்து, படுக்கையில் கிடந்த தந்தையின் குழறிய குரல் கேட்டது.

"ஸ்ரீபாதா… நம்ம வசந்தன் நனைஞ்சுக்கிட்டு நிக்கறான் பாரு. கம்பியை விட்டது யாருன்னு கேக்கறான்… நான் என்னன்னு சொல்லட்டும்?"