சமையல்கட்டிலிருந்து வந்த சத்தம்

ஹலோ... ஹலோ, கேக்குதா?... ஆமா, பேக்கரிக்காரர் வீட்டம்மாதான். நேத்து உங்க கண்காட்சி ஹால்ல சத்தம் போட்டுட்டுப் போனேனே, அதே ஆளு... மறந்திருக்க மாட்டீங்க. அந்தப் பேட்டி எடுத்த பொண்ணைக் கூப்பிடுங்க... மீட்டிங்கா? சரி, முடியட்டும். நான் லைன்லயே இருக்கேன். எனக்கு வேற வேலை இல்ல... இருக்கேன்... ம்... அட, அதுக்குள்ள மீட்டிங் முடிஞ்சிருச்சா? பரவாயில்லையே!

நீதானா?... வணக்கமெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்... இல்ல, நல்லா இல்ல. எப்படி நல்லா இருப்பேன்?

கேளும்மா. எங்க வீட்டுக்கு வந்தே. என் வீட்டுக்காரர் சட்டைல அந்தக் குட்டி மைக்கைக் குத்தினே. ‘உங்க வாழ்க்கையை அப்படியே சொல்லுங்கய்யா, ஒண்ணையும் விட மாட்டோம்’னே. சொன்னியா இல்லியா?... ஆமா, ஆமா. அவரும் சொன்னாரு. மாவு பிசையக் கத்துக்கிட்டது, கடை போட்டது, கடை தீப்பிடிச்சது, எல்லாம். தீ விஷயம் வந்ததும் வழக்கம்போல, ‘என் தம்பிதான் அடுப்புக் கதவை மூடாமப் போய்ட்டான், கங்கு விறகுல விழுந்து எல்லாம் போச்சு’ன்னாரு. சமையல்கட்டுல இருந்து நான் கத்தினேன். என்ன கத்தினேன்?... ஞாபகம் இருக்கில்ல? சொல்லு... ஆங், அதேதான். ‘பொய் சொல்லாதீங்க, அன்னைக்குக் கடைசியாப் பூட்டினது நீங்க’ன்னு.

அதுக்கு அவர் என்ன சொன்னாரு?... மென்னு முழுங்காம சொல்லு... ‘ஆமாடி, நான்தான் மூடாம வந்தேன். பழியை அவன் மேல போட்டுட்டேன்’னாரு. இத்தனை வருஷத்துல அன்னைக்குத்தான் வாயைத் திறந்தாரு. நான் ஈரக் கையோட ஓடி வந்து நின்னேன். நீகூடத் திரும்பி என்னைப் பாத்தே.

உங்க ஹால்ல போடற பதிவுல அந்தப் பேச்சு எங்கம்மா?

என்னது?... பின்னணி சத்தமா? யாரு, நானா?... தண்ணிக் குழாய், நாய் குலைக்கறது, நானு. எல்லாம் ஒரே கணக்கா?

... கையெழுத்தா? ஓஹோ. கையெழுத்துப் போட்டது அவர் மட்டும்தான், அதனால என் குரல் வரக் கூடாது... சரி. என்கிட்டயும் ஒண்ணு வாங்கியிருக்கலாமில்ல? என் கையால டீ மட்டும் வாங்கிக் குடிக்கத் தெரிஞ்சுது!... சரி, என்னைத் தூக்கிட்டே. போகட்டும். அவர் சொன்ன பதிலை எதுக்குத் தூக்கினே? அது அவர் மைக்குல, அவர் வாயால சொன்னது!... கேள்வி இல்லாம பதில் மட்டும் நின்னா... ம்... கேக்கறவங்களுக்குப் புரியாதா? அட அட அட, என்ன கரிசனம்! புரியற மாதிரி பொய்யை மட்டும் பத்திரமா வெச்சிருக்கே.

வாசல்ல ‘சாதாரண மக்களின் குரல்’னு பலகை வேற. நான் என்ன மகாராணியா?

... கத்தத்தான் செய்வேன். நேத்து நான் யாரைக் கூட்டிட்டு வந்தேன்னு தெரியுமா உனக்கு? அந்தத் தம்பியைத்தான். என் கொழுந்தனார். கடை எரிஞ்சதுல இருந்து எங்க வாசப்படி மிதிக்காதவரு. அண்ணன் செத்ததுக்குக்கூட தெருமுனையில நின்னு பாத்துட்டுப் போனவரு. ‘அவரு ஒத்துக்கிட்டாரு தம்பி’ன்னு போன்ல தலையால அடிச்சுக்கிட்டேன். ‘என் மனசு ஆறணும்னு நீங்களா சொல்றீங்க அண்ணி’ன்னாரு. அப்போ வந்து உங்க காதாலயே கேளுங்கன்னு கெஞ்சி வரவழைச்சேன். நீதான் அந்த ஹெட்ஃபோனை மாட்டிவிட்டே. சிரிச்சுக்கிட்டே மாட்டினே. அவருக்கு என்ன கேட்டுச்சு? செத்துப்போன அண்ணன் மறுபடியும் ‘என் தம்பிதான்’ங்கறாரு. உடனே புதுக் கடை திறந்த கதை! மனுஷன் கழட்டி மேசைமேல வெச்சாரு. ‘போலாம் அண்ணி’ன்னாரு. அவ்வளவுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கிட்டு சாகலாம் போல இருந்துச்சு.

... உன் மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்ண? வெட்டாத பதிவு இருக்குமில்ல, அதை எடு. இப்பவே கிளம்பி வரேன்... ம்?... ஏன் இழுக்கறே? இருக்கா, இல்லியா?...

அழிச்சுட்டியா?

... அடுத்த ஆளோட பேட்டிக்கு... அதே மெமரி கார்டுலயா? யாரு?... முடி வெட்டறவரா?... அவரு நல்லா இருக்கட்டும் தாயே, தீர்க்காயுசா இருக்கட்டும். ஆனா என் வீட்டுக்காரர் மேலயேதான் அவரை எடுக்கணுமா? உனக்கு வேற கார்டே கிடைக்கலியா?

... என்னது, நான் வந்து தனியா ஒரு பேட்டி குடுக்கணுமா? ஏம்மா, என் பேச்சைத்தான் கொழுந்தனார் நம்பலேன்னு இவ்வளவு நேரமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்திட்டிருக்கேன்! அதையே உன் மைக்குல சொன்னா உண்மையாயிடுமா?

... அழாதே. அழாதேங்கறேன். நீ அழுதா எனக்கு இன்னும் கோவந்தான் வருது. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. என் வீட்டுக்காரர் சொன்னதை உன் காதால கேட்டியா?... கேட்டே. சரி. அந்த ரூம்ல வேற யாராவது இருந்தாங்களா?... இல்ல. அப்போ அதைக் கேட்டது நானும் நீயும்தான். நான் அண்ணி, சமாதானத்துக்குச் சொல்றேம்பாரு. நீ யாரோ. உனக்குப் பொய் சொல்ல என்ன தலையெழுத்து?

கொழுந்தனார் இங்கதான் இருக்காரு. பெட்டியைக் கட்டிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு உக்காந்திருக்காரு. இன்னைக்குப் போனா இனிமே வர மாட்டாரு, எனக்குத் தெரியும். போனைக் குடுக்கறேன். நீ கேட்டதைச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம், அதை மட்டும் சொல்லு...

மேடமா? எந்த மேடம்?... உன் காதால கேட்டதை உன் வாயால சொல்ல மேடம் உத்தரவு குடுக்கணுமா?... என்ன முறை? பேட்டி எடுக்கறவங்க சொந்தமா ஒண்ணும் சொல்லக் கூடாதா? ரொம்ப நல்லா இருக்கு உங்க முறை! ஊர்ல இருக்கறவங்க வாயையெல்லாம் கிளறுவே, உன் வாயை மட்டும் திறக்க மாட்டியா?... யாரு மேலயும் பழி வரக் கூடாதா? வந்து எத்தனையோ வருஷமாச்சும்மா! பழியைச் சுமந்தவரு இதோ என் எதிர்ல இருக்காரு!

தம்பி, எங்க எழுந்திரிக்கறீங்க? இருங்க. அந்தப் பொண்ணுதான், கூடவே இருந்தவ. ஒரு நிமிஷம் காதுல வைங்க... எனக்காக வைங்க தம்பி... இந்தா, குடுக்கறேன்மா, சொல்லு.

... என்ன தம்பி?... ஒண்ணும் கேக்கலியா? இங்க குடுங்க... ஹலோ? ஹலோ?

வெச்சுட்டா.

பெட்டியைக் கீழ வைங்க தம்பி. இந்த பஸ் போனா அடுத்த பஸ். மறுபடியும் போடறேன். அவ எடுக்கற வரைக்கும் போடுவேன்... உக்காருங்க. ரிங் போகுது.