தண்ணி தெளிச்ச வத்தலும் பீமன் குட்டியும்

கைதட்டுனது போதும்... உட்காருங்க. பின்வரிசைக்காரங்க டீ கிளாஸைக் கீழே வைங்க. உங்க கடைகளுக்குப் புதுக் கிளை திறக்குற விஷயத்துக்கு வர்றதுக்கு முந்தி, ஒரு நாய்க்குட்டி கதை சொல்லிடுறேன். சின்னதுதான்.

எங்க பஜார்ல தங்கப்பழம் அண்ணாச்சின்னு ஒருத்தர். மிளகாய் வத்தல் மண்டி. குடோன் காவலுக்குன்னு கிரேட் டேன் குட்டி ஒண்ணு வாங்கினார். கன்னுக்குட்டி உயரத்துக்கு வளர்ற சாதி. பேரு பீமன். சரி... மண்டிக்காரர் நாயை எப்படி வளர்ப்பார்? தராசுல வச்சுத்தான்! கடை திறந்ததும் மூட்டை போடுற தராசுல முதல்ல பீமன் ஏறணும். அப்புறம்தான் வத்தல். எடை கூடியிருந்தா அன்னைக்கு யாவாரம் ஓகோன்னு ஒரு நம்பிக்கை. கூடலைன்னா? வீட்டம்மாவுக்குப் போன் பறக்கும். "சொர்ணம்! இன்னொரு தட்டு நெய்ச்சோறு அனுப்பு!"

பால், முட்டை, எலும்பு வளர கால்சியம் டானிக்... எதுவும் பாக்கியில்லை. எதிர்க்கடை பால்ராஜ் வேற, "அண்ணாச்சி, இன்னைக்கு எடை என்ன?"ன்னு கேட்டுக்கிட்டே பிஸ்கட்டைப் போடுவார்.

ஒருநாள் பீமன் தராசு வரைக்கும் வந்துச்சு... உட்கார்ந்துச்சு... எந்திரிக்கலை. முன்னங்கால் வளைஞ்சு கிடக்கு. மூட்டை தள்ளுற வண்டியிலேயே ஏத்தி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஜெசிந்தா எட்டிப் பார்த்தாங்க. "யாருங்க இங்க மூட்டை இறக்குனது?"

"மூட்டை இல்லம்மா, நாய். சத்து பத்தலையோ?"

"சத்தா? நீங்க வயித்துல ஏத்துனதை அந்தப் பிஞ்சுக் கால்தான் சுமக்குது. பெரிய சாதிக் குட்டி மெதுவாத்தான் வளரணும் அண்ணாச்சி. விரட்டி வளர்த்தா மூட்டு கெடும். டானிக்கை நிறுத்துங்க, கால்சியம் கூடுனாலும் எலும்பு கோணும். இப்படியே போனா ஆயுசுக்கும் நொண்டிதான்."

அண்ணாச்சி முகம் செத்துப்போச்சு. "ஆனா... எடை நல்லா ஏறுச்சே அம்மா!"

"வத்தல் மூட்டை எடை கூட நின்னா உடனே வாங்கிருவீங்களா?"

"எப்படி வாங்குவேன்? எடை ஏத்தத் தண்ணி தெளிச்சிருப்பானுவ! கையை உள்ள விட்டு அமுக்கிப் பார்ப்பேன்."

"அந்தக் கையை இவன் மேல வைங்க."

வச்சார். விலா எலும்பைத் தேடுறார்... தேடுறார்... "ஒண்ணும் தட்டுப்படலையே!"

"தட்டுப்படணும். கண்ணுக்குத் துருத்தக் கூடாது, கைக்குத் தெரியணும். மேல இருந்து பார்த்தா இடுப்பு ஒடுங்கித் தெரியணும். பெரிய சாதிக் குட்டிக்குன்னே தீனி இருக்கு. அளந்து, நேரத்துக்குப் போடுங்க. வாலாட்டுறப்ப எல்லாம் போடாதீங்க."

அண்ணாச்சி முனகுனார்: "தண்ணி தெளிச்ச வத்தலை நானே வளர்த்திருக்கேனே..."

அன்னைக்கோட தராசு கட். காலைல விலாவுல கை வச்சுப் பார்க்குறதோட சரி. பஜார் விடுமா? "என்ன அண்ணாச்சி, யாவாரம் டல்லா? நாய்க்கே சோறு இல்லையாம்ல!" பால்ராஜ்தான். அண்ணாச்சி வாயைத் திறக்கலை. அந்த வாயை மூடிக்கிட்டு இருந்தார் பாருங்க... அதுதான் கஷ்டமான வேலை!

மாசங்கள் போச்சு. புதுக் குடோன் திறப்பு விழா. பால்ராஜ் சட்டைப்பையில பிஸ்கட்டோட வந்தார். "எங்கேய்யா அந்த ஒல்லிப்பிச்சான்?"

வந்தான் பீமன்... நடந்து இல்லை, பாய்ஞ்சு! பின்னங்கால்ல நின்னு, முன்னங்கால் ரெண்டையும் பால்ராஜ் தோள்ல போட்டு, மூஞ்சிக்கு நேரா மூஞ்சியை வச்சான். பால்ராஜ் திக்குறார்: "அண்ணாச்சி... எ... எடை என்ன அண்ணாச்சி?"

"எனக்குத் தெரியாதே. நீங்கதானே சுமக்குறீங்க... சொல்லுங்க!"

சிரிக்கிறீங்க. நல்லா சிரிங்க... ஆனா யாரைப் பார்த்து? ஒரு கடை ஓடுனதும் அடுத்த தெருவுல ஒண்ணு, அடுத்த ஊர்ல ஒண்ணு. போர்டு பெருசு, சரக்கு நிறைய. பஜார் கேட்குது, "எத்தனை கிளை?" நாமளும் தராசுல ஏறி நின்னு காட்டுறோம். கால் தாங்குமா? பார்த்தோமா?

தம்பிகளா, பழகின வேலையாள், திரும்பி வர்ற வாடிக்கை, நீங்க இல்லாத அன்னைக்கும் ஒழுங்கா நடக்குற கடை... அதுதான் விலா எலும்பு. நாளைக்குக் கடை திறந்ததும் கையை வச்சுப் பாருங்க. தட்டுப்படுதா? அடுத்த கிளைக்கு ரிப்பன் வெட்ட நானே வர்றேன். தட்டுப்படலையா?

நெய்ச்சோத்தை நிறுத்துங்க. எவன் சிரிச்சாலும் சரி... நிறுத்துங்க.