பாதி வெள்ளை இலை

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகள் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை அக்கா, தண்ணீர் அதிகமாகித்தான் சாகின்றன. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, பதினான்கு மாடி அலுவலகத்தில் தள்ளுவண்டியோடு போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, இலை துடைத்து, காய்ந்ததை வெட்டிவிட்டு வருவதுதான் என் வேலை. ஊற்றாமல் இருக்கத் தெரிந்தவன்தான் இந்த வேலையில் நிலைப்பான்.

"நல்லா இருந்த மனுஷன்டா, எப்படிடா?" என்று அத்தான் இறந்த அன்று போனில் மூன்று முறை கேட்டாய். "டாக்டர் சொன்னதுதான்க்கா" என்றேன். டாக்டர் அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். எனக்குத் தெரிந்ததை இப்போது நான் சொல்கிறேன். நடுவில் எனக்குப் போன் செய்யாதே. கடைசி வரை படித்துவிட்டுச் செய்.

ஒன்பதாவது மாடி மேனேஜர் அறையில் ஒரு மான்ஸ்டெரா இருந்தது. அகலமான இலை, ஓட்டை ஓட்டையாக இருக்கும், நீ படத்தில் பார்த்திருக்கிறாய். சாதாரண மான்ஸ்டெரா முழுப் பச்சை. இதில் ஒவ்வொரு இலையும் பாதி பச்சை, பாதி வெள்ளை, நடுவில் கத்தியால் கோடு போட்டதுபோல. ஆயிரத்தில் ஒன்று அப்படி அமையும். அது கம்ப்யூட்டரில் இடிக்கிறது என்று வெட்டிவிடச் சொன்னார்கள். வெட்டியதைக் குப்பையில்தான் போட வேண்டும், அது கம்பெனி விதி. நான் தண்டில் ஒரு கணுவை மட்டும் ஈரத்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டேன். அது தப்புதான். மற்றதையெல்லாம் தப்பு என்று சொல்லலாமா என்பதை நீயே பார்த்துக்கொள்.

அத்தான் வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்து என்னோடு தங்கியபோது அந்தக் கணு ஆறு இலைச் செடியாகியிருந்தது. கூடவே வேறு செடிகளும் சேர்ந்து, மொத்தம் முப்பத்தொன்று. எல்லாம் மழைக்காட்டுச் செடிகள். அவற்றுக்குக் குளிர் ஆகாது, காய்ந்த காற்று ஆகாது. அதனால் உள் அறையில் பகல் முழுக்க விளக்கு எரியும். ஒரு மெஷின் ஓயாமல் வெண்புகை மாதிரி ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும். சுவரில் மாட்டிய, காற்றின் ஈரத்தை அளக்கும் சின்ன மீட்டர் எண்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது.

"அவருக்கு உள் அறையைக் குடுத்துட்டு நீ ஹால்ல படுக்கிறியாமே, உன்ன மாதிரி தம்பி யாருக்குடா கிடைப்பான்?" என்று அழுதாய். அந்த அறையில் தலையணை ஈரமாகிவிடும் அக்கா. அவர் வருவதற்கு நான்கு மாதம் முன்பே நான் ஹாலுக்கு மாறிவிட்டேன்.

முதல் நாள் அத்தான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளை, பொண்ணு பாக்கச் சொன்னா நீ காட்டையே கட்டிக்கிட்டியா?" என்றார். வெள்ளை இலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டார். வெள்ளைப் பாதிக்குச் சாப்பாடு செய்துகொள்ளத் தெரியாது, பச்சைப் பாதி செய்வதைத்தான் இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார். "அப்போ உங்க அக்கா பச்சை, நான் வெள்ளை. இங்க வந்தப்புறம் நான் பச்சை, நீ வெள்ளை. நாளைலேர்ந்து சமையல் என் பொறுப்பு, போ." சொன்னபடியே எட்டு மாதமும் எனக்குச் சமைத்துப் போட்டார். டிபன் டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தனுப்புவார். காரம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

அவருக்கு மூச்சிழுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே நீ சொன்னதுதானே. பாப்பாவுக்கும் அப்பா மாதிரியே இழுக்க ஆரம்பித்திருக்கிறது என்று போன வாரம் சொன்னாய். பார்த்துக்கொள்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது உள் அறை ஜன்னல் திறந்திருந்தது. வெளியே கடுங்குளிர். "மூச்சு முட்டுச்சு மாப்ளை, ஒரு பத்து நிமிஷம்தான்" என்றார். மறுநாள் புது இலையின் வெள்ளைப் பாதி ஓரத்திலிருந்து பழுப்பாகத் தொடங்கியது. நான்கு நாளில் காகிதம் போலாகிவிட்டது. அந்த இலைக்காக ஏழு வாரம் காத்திருந்தேன். அத்தான் நிஜமாகவே வருத்தப்பட்டார். "விடுடா, ஒரு இலைதானே, வேற வரும்" என்று தோளைத் தட்டினார்.

ஒரு இலைதானே என்று அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

இந்த நகரத்தில் எனக்கு ஐந்து வருடம் ஆகிறது. பதினான்கு மாடியிலும் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. லிஃப்டில் வண்டியோடு ஏறினால் போனைப் பார்ப்பார்கள். ஆனால் செடி வளர்ப்பவர்களின் குழு ஒன்று போனில் இருக்கிறது. அதில் நான் ஒரு இலையின் படம் போட்டால் நானூறு பேர் நலம் விசாரிப்பார்கள். என்னை இல்லை, இலையை. அதுவும் ஒரு விசாரிப்புதான். நீங்கள் எல்லோரும் போன் செய்தால் "எப்ப வர்றே" என்பீர்கள், "அங்கயே தங்கறதுக்குப் பேப்பர் ஆச்சா" என்பீர்கள். நான் எதையாவது பிழைக்க வைத்தேனா என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வாரமே, அத்தான் வேலைக்குப் போயிருந்தபோது, ஜன்னல் சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கான் பசை பூசினேன். குளியலறை ஓரத்தில் பூசுவார்களே, அது. "ஹவுஸ் ஓனர் அடைச்சுட்டார் அத்தான், குளிர்காலத்துல எல்லா வீட்டுக்கும் செய்வாங்களாம்" என்றேன். அவர் நம்பினார். இங்கே எதற்கும் என் வாயைத்தானே அவர் பார்க்க வேண்டும்.

அதன்பிறகு செடிகள் தழைத்தன. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கறுப்பாகப் புள்ளிகள் வந்தன. நான் துடைத்தேன். திரும்ப வந்தன. அலுவலகத்தில் மிச்சமான வெள்ளை பெயின்ட் கொண்டுவந்து அடித்தேன். மூன்று வாரத்தில் பெயின்டைத் தாண்டி வந்தன, இந்த முறை புள்ளியாக இல்லை, ஒரே பரப்பாக. பூஞ்சைதான். எனக்கு அது நன்றாகத் தெரியும், மண்ணில் வந்தால் அந்தச் செடியை மற்றவற்றிடமிருந்து பிரித்து வைப்பேன். பெரிய இலைச் செடிகளாக நான்கை எடுத்துச் சுவரை மறைத்து வைத்தேன். "தலைமாட்டுல தோட்டம் வெச்சுக் குடுத்திருக்கான் என் மச்சினன்" என்று அத்தான் உனக்கு வீடியோவில் காட்டினாரே, அன்றைக்குத்தான்.

அப்புறம் இருமல். அப்புறம் படியேறினால் நின்று நின்று ஏறுவார். நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். அதையும் சொல்லியாக வேண்டும், கூட்டிப் போகாமல் இருக்கவில்லை. லீவு போட்டுக் கூட்டிப் போனேன்.

டாக்டர் இளம் பெண். பொறுமையாக முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு அத்தானைப் பார்த்து, வீட்டில் ஈரம் உண்டா, சுவரில் பூஞ்சை உண்டா என்று கேட்டார். அத்தானுக்கு இந்த ஊர் மொழி ஒரு வார்த்தையும் புரியாது. என் பக்கம் திரும்பினார்.

"என்ன கேக்கறாங்கடா?"

"சிகரெட் பிடிப்பீங்களான்னு கேக்கறாங்க அத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இருமலோடு சிரித்தார். டாக்டரை நேராகப் பார்த்து, தலையை நன்றாக ஆட்டி, கையையும் விரித்து, இல்லவே இல்லை என்று காட்டினார். "உங்க அக்கா கொன்னே போட்டுருவான்னு சொல்லுடா" என்றார். நான், வீடு நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஈரமே இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார். நான் பொய் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது அக்கா. இல்லை என்று சொன்னது அத்தான்தான்.

வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் வேலையிடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று டாக்டர் முடிவு செய்தார். அத்தான் மரச்சாமான் பட்டறையில் இருந்தார், மரத்தூள். அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும் என்றார். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

அத்தானுக்கு அந்தப் பட்டறை பிடிக்கும். அங்கே ஒருவர் கைஜாடையிலேயே அவரிடம் ஜோக் அடிப்பாராம். விட்டுவிட்டு வந்தார். அதுவரை பத்து மணி நேரமாவது வெளியே இருந்தவர், பகலும் இரவும் அந்த அறையிலேயே இருந்தார்.

பொழுது போகாமல் என் செடிகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். மெஷினில் தண்ணீர் தீர்ந்தால் அவரே நிரப்புவார். மீட்டர் எழுபத்தொன்பது காட்டினால் எனக்குப் போன் செய்வார். "மாப்ளை, உன் பொண்டாட்டிக்குத் தாகமாம், ஊத்திட்டேன்." நான் ஒரு நாளும் அவரை ஊற்றச் சொன்னதில்லை. ஊற்ற வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

கடைசி நாளுக்கு வருகிறேன்.

அன்று புது இலை சுருள் அவிழத் தொடங்கியிருந்தது. காலையில் பார்த்தேன், பாதி நிலா மாதிரி. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு துளி பச்சை இல்லை, அந்தப் பக்கம் ஒரு துளி வெள்ளை இல்லை. விரியும்போது இலை ஈரக் காகிதம் போல இருக்கும். விரல் பட்டாலே தழும்பு நிற்கும், கடைசி வரை போகாது.

பதினொரு மணிக்கு அத்தான் போன் செய்தார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினார்.

"மாப்ளை... இன்ஹேலர் பம்ப்பு தீந்துபோச்சு. ஹால்ல வந்து உக்காந்தேன், அங்கயும் இதேதான். இந்த ஜன்னல உடைச்சுக்கட்டுமா? ஓனர்கிட்ட நீ சொல்லிக்கிறியா?"

"உடைக்காதீங்க அத்தான். நான் வந்து திறக்கறேன்."

"ஆம்புலன்ஸுக்குச் சொல்றியாடா? எனக்கு அவங்ககிட்ட பேசத் தெரியாதே."

"நான் வந்து சொல்றேன். அரை மணி நேரம்."

வந்தேன். பஸ் தாமதம், நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. கட்டிலில் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்பூன் கிடந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் பசையைச் சுரண்டியிருந்தார். உள்பக்கம் பூசிய பசை. ஹவுஸ் ஓனர் எப்போது வீட்டுக்குள் வந்தார் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்க மூச்சு இல்லையோ, கேட்க வேண்டாம் என்று நினைத்தாரோ. உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணில் ஒரு நிம்மதி வந்தது, அதை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை.

போன் என் கையில்தான் இருந்தது. ஆனால் அந்த அறை எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ்காரர்கள் தடதடவென்று வருவார்கள். ஸ்ட்ரெச்சரை மடக்கித் திருப்பினால் நேராக அந்த இலையில்தான் இடிக்கும். கதவைத் திறந்து போட்டுவிடுவார்கள். சுவரைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அதனால் முதலில் மான்ஸ்டெராவை எடுத்தேன். தொட்டி கனம், இலை எங்கும் உரசாமல் தூக்க வேண்டும், ஓரடி ஓரடியாகத்தான் நகர முடியும். கட்டிலுக்கும் ஷெல்ஃபுக்கும் நடுவில் அவருடைய கால் இருந்தது.

அத்தான் காலை மடக்கி எனக்கு வழி விட்டார். தன்னைத் தூக்கிப்போகத்தான் இடம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

செடியைக் குளியலறையில் வைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து ஆவி வரச் செய்து, கதவைச் சாத்தினேன். தலைமாட்டுச் சுவரில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன். அதன்பிறகு ஆம்புலன்ஸை அழைத்தேன். எல்லாம் சேர்ந்து பதினாறு நிமிடம். அவர்கள் ஆறே நிமிடத்தில் வந்துவிட்டார்கள். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். இப்போதுதான் என்றேன். பத்து நிமிடம் முன்னால் கிடைத்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

இவ்வளவுதான் அக்கா. நான் அத்தானை ஒன்றும் செய்யவில்லை. அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. என்னால் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பார்த்துக்கொள்ள முடிந்தது.

இலை முழுதாக விரிந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை. அத்தான் தினமும் தண்ணீர் நிரப்பிய செடி, அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. அதிலிருந்து ஒரு கணுவை வெட்டி வேர் விட வைத்திருக்கிறேன். ஊருக்குக் கிளம்பும் ஒருவர் கொண்டுவந்து தருவார், மெஷினும் வரும். பாப்பா தூங்குகிற அறையில் வை, வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது. முதல் இலை விரிகிற வரைக்கும் ஜன்னலை மட்டும் திறக்காதே.